நம்ம வேலியில் இருக்கிற நொச்சி

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். வீட்டைப் பார்த்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது காட்டு வேலைக்கும் போகிறவள். "மூலிகையும் மகளிர் வாழ்வாதாரமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்காங்க. பெரிய தலைப்பு. அதில் எனக்குப் பழக்கமான ஒரே ஒரு செடியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி செல்போனில் வீடியோ ஒன்று காட்டியது. மலைச்சரிவு முழுக்க ஊதா நிறத்தில் பூ. பெண்கள் வரிசையாக நின்று கதிர் அறுக்கிற மாதிரி அறுக்கிறார்கள். "இது லாவெண்டராம்க்கா, நாமளும் குழுவில் போட்டா என்ன?" என்று கேட்டது. கேட்டது நல்ல கேள்விதான். நானும் அதைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தேன்.

அந்த இடம் ஜம்மு காஷ்மீரில் தோடா மாவட்டத்தில் இருக்கிற பதர்வா. அங்கே மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, அரோமா மிஷன் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் லாவெண்டர் நாற்றுக் கொடுத்து, பூவில் இருந்து எண்ணெய் வடிக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் சோப்புக்கும் செண்டுக்கும் போகிறது. அதற்கு ஊதாப் புரட்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெள்ளைக்கார நாட்டில் ரொம்பக் காலமாகவே இந்தப் பூவைக் காயவைத்து, சின்னப் பையில் கட்டி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துணிமணிக்குள் போடுவார்களாம். தூக்கம் நல்லா வரட்டும் என்று தலையணையிலும் வைப்பார்களாம்.

ஆனால் பதர்வா 5,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். குளிர்காலத்தில் பனி கொட்டும். நம்ம காரியாபட்டியில் சித்திரை வெயிலுக்குக் கருவேலமரமே தலையைத் தொங்கப் போடுகிறது. லாவெண்டருக்குக் குளிர் வேண்டும். நம்ம கரிசலில் அதைப் போட்டுவிட்டு வங்கிக் கடனுக்கு என்ன பதில் சொல்வது?

அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. காயவைத்துப் பூச்சிக்குப் போடுகிறது, தலையணைக்குள் வைக்கிறது, கொதிக்கவைத்துக் குளிக்கிறது, இதெல்லாம் நம்ம வீட்டிலும் நடந்த வேலைதானே? பூ கூட அதே ஊதாதானே? நொச்சியைத்தான் சொல்கிறேன்.

இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நொச்சியை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு மேலே வளரும். ஒரு காம்பில் மூன்று இலை, இல்லாவிட்டால் ஐந்து இலை, விரலை விரித்த மாதிரி இருக்கும். மேலே பச்சை, அடியில் சாம்பல் பூத்த மாதிரி வெளுப்பு. கசக்கினால் ஒரு நெடி வரும், மூக்கு திறந்துகொள்ளும். ஆடு லேசில் வாய் வைக்காது. அதனால்தான் அந்தக் காலத்தில் வேலியாக வைத்தார்கள், கண்மாய்க் கரையிலும் ஊருணிக் கரையிலும் மண் சரியாமல் இருக்க நட்டார்கள். அதன் விளாரை வெட்டிக் கூடை பின்னினார்கள். என் மகளின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் புறப்பொருள் இலக்கணத்தில் நொச்சித் திணை என்று இருக்கிறது. கோட்டையை எதிரி முற்றுகை போட்டால், உள்ளே இருந்து காக்கிற வீரர்கள் நொச்சிப் பூவைச் சூடிக்கொள்வார்களாம். மகள் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். செடியைப் பார்த்திருக்கியாடி என்று கேட்டேன். இல்லையாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர் மானாவாரி பூமி. தை, மாசியில் வீட்டுக்கு வருகிற பயறும் உளுந்தும் குதிரைவாலியும் வருஷம் முழுக்க ஓட வேண்டும். அதிலேயே விதைக்கும் எடுத்து வைக்க வேண்டும். மாசியில் கட்டி வைத்த விதை புரட்டாசி மழை வரைக்கும், ஏழு மாதம், பொத்தல் விழாமல் இருக்க வேண்டும். பயறு வண்டு உள்ளே விழுந்துவிட்டால் முளைப்பே போய்விடும். அப்புறம் விதைக்குக் கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டியதுதான். அந்தக் கடனும் நம்ம தலையில்தான்.

எங்க அத்தை, அதாவது என் மாமியார், இதற்கு வைத்திருந்த முறையைச் சொல்கிறேன். நொச்சி இலையைக் கொத்தாக ஒடித்து நிழலில் காயப் போடுவாக. வெயிலில் போட்டால் வாசம் போயிரும் என்பாக. பயறை மட்டும் நல்ல வெயிலில் காயவைக்கணும். பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடையணும், நசுங்கக் கூடாது. காய்ந்ததைச் சூட்டோடு அள்ளிப் போடவும் கூடாது. ராத்திரி ஆறவிட்டு விடியற்காலையில் போடணும். சூட்டோடு போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும். குலுக்கையின் அடியில் ஒரு அடுக்கு காய்ந்த நொச்சி, மேலே பயறு, நடுவில் ஒரு அடுக்கு, வாய்ப்பக்கம் ஒரு அடுக்கு. கூடவே வேப்பிலையும் போடுவாக. ரெண்டு மூணு மாதத்துக்கு ஒரு தடவை பழைய இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் புது இலை. துவரையாக இருந்தால் செம்மண்ணைக் குழைத்துப் பூசி, காயவைத்து எடுத்து வைப்பாக.

இப்போது குலுக்கை கிடையாது, பிளாஸ்டிக் டிரம்தான். அதனால் என்ன? முறை அதேதான். பச்சை இலையை அப்படியே டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு, "நொச்சி போட்டேன், பூஞ்சணம் வந்துடுச்சு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை இலையில் ஈரம் இருக்கும், அது நொச்சியின் குற்றம் இல்லை.

உண்மையையும் சொல்லணும். நொச்சி போட்டால் ஒரு வண்டு கூட வராது என்று நான் சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒரே காட்டுப் பாசிப்பயறை ரெண்டு டப்பாவில் போட்டு வைத்தேன். ஒன்றில் நொச்சி, ஒன்றில் எதுவும் இல்லை. புரட்டாசியில் திறந்தபோது இலை போடாத டப்பாவில் பாதி மாவாகக் கிடந்தது. நொச்சி போட்டதிலும் அங்கங்கே பொத்தல் இருந்தது, ஆனால் விதைக்கு ஆனது. வண்டு காட்டிலேயே பயறு நெற்றின் மேல் முட்டை வைத்துவிடுகிறது, நம்மோடேயே வீட்டுக்கு வருகிறது. அதனால் இலை போட்டோம் என்று மறந்துவிடாமல், நடுவில் ஒரு தடவை எடுத்துச் சொளகில் புடைத்து வெயில் காட்ட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், இப்போது நிறைய வீட்டில் இலைக்குப் பதிலாக மாத்திரை வந்துவிட்டது. தானியத்துக்குப் போடுகிற பூச்சி மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு. அது காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே விஷவாயுவை விடும். அந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. பெரிய கிட்டங்கியில், பயிற்சி எடுத்த ஆள், மூடி முத்திரை வைத்துப் போடுகிற பொருள் அது. நாம் என்ன செய்கிறோம்? ரெண்டு மூட்டை உளுந்துக்கு நடுவில் துணியில் முடிந்து போட்டுவிட்டு, அதே அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். எங்க தெருவிலேயே ஒரு வீட்டில் அது நடந்தது. ராத்திரி ரெண்டு பிள்ளைகளும் வாந்தி எடுக்க ஆரம்பித்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, விடிவதற்குள் மூச்சுத் திணறி, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார்கள், மீனாட்சி புண்ணியம். அந்தத் தாய் எங்க குழுவில்தான் இருக்கிறார், இப்போது இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன். "சொல்லு தாயி, நாலு வீடாவது கேக்கட்டும்" என்றார். வீட்டில் மாத்திரை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து பிள்ளைகள் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள். இனிமேல் வாங்கவும் வாங்காதீர்கள்.

அடுத்து உடம்புக்கு. தலைப்பாரம், நீர்க்கோவை, மூக்கடைப்பு என்றால் நொச்சி இலையைப் போட்டுக் கொதிக்கவைத்து வேது பிடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து பிடிக்கக் கூடாது. இறக்கி, தரையில் ஆடாத இடத்தில் வைத்து, கொஞ்சம் ஆவி அடங்கின பிறகு பிடிக்கணும். சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் இழுத்து வைத்துப் பிடிக்கவே வேண்டாம். அது திமிறும், பாத்திரம் கவிழும், வெந்துபோகும். பிள்ளைக்குச் சளி என்றால் ஆஸ்பத்திரிதான்.

2021 கொரோனா ரெண்டாவது அலையில் நொச்சிக்கு வந்த மவுசு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊர் ஊராகச் சட்டி வைத்து வரிசையில் நின்று ஆவி பிடித்தார்கள். பொது இடத்தில் அப்படிப் பிடித்தால் ஒருத்தர் மூச்சில் இருந்து இன்னொருத்தருக்குப் பரவும், வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்ல வேண்டியதாயிற்று. நொச்சி மூக்கடைப்பை இளக்கும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தலையணை எனக்குப் பிடித்த விஷயம். நிழலில் காய்ந்த இலையை, குச்சியெல்லாம் பொறுக்கிவிட்டு, பழைய பருத்திச் சேலைத் துணியில் தைத்துத் தலைக்கு வைத்துப் படுக்கிறது. எங்க அத்தைக்கு மார்கழிப் பனி வந்தால் நெற்றியைப் பிளக்கிற தலைவலி வரும். மாத்திரையும் போடுவாக, தலையணையும் வைத்துக்கொள்வாக. "எது கேட்டுச்சு அத்தை?" என்றால், "மாத்திரைக்கு வலி போச்சு, இதுக்குத் தூக்கம் வந்துச்சுத்தா" என்பாக. அதுதான் நியாயமான கணக்கு என்று நினைக்கிறேன். ரெண்டு மாதத்தில் வாசம் போய்விடும், இலையை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தூசியாகி மூக்குக்குள் போய் இருக்கிற தும்மலும் கூடும்.

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கு நொச்சி போட்டுக் காய்ச்சின தண்ணீரில் குளிக்க வைப்பார்கள். உடம்புவலி வாங்கும். எனக்கு ரெண்டு பிரசவத்துக்கும் எங்க அம்மா ஊற்றினார்கள். அந்தச் சூட்டையும் அந்த வாசத்தையும் என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பெற்றவர்கள் தையல் ஆறுகிற வரைக்கும் நர்ஸ் அம்மாவைக் கேட்காமல் ஊற்றக் கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நொச்சியைக் கஷாயம் வைத்துக் குடிக்கவும் கூடாது. 2006-ல் சிக்கன்குனியா வந்தபோது ஊரில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அப்போது இந்த இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் கட்டி முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தோம். வலி குறைந்தது, கொடுக்கிற வரைக்கும். சித்த மருத்துவத்தில் நொச்சித் தைலம் என்றே இருக்கிறது. அதெல்லாம் அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் கேட்டுப் போட வேண்டியது, நாமே காய்ச்சிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை.

கொசுவுக்கு வருகிறேன். மாட்டுக் கொட்டத்தில் சாயங்காலம் நொச்சி, வேப்பிலை மூட்டம் போடுகிறோம். மாடு நிம்மதியாக நிற்கிறது. சென்னை மாநகராட்சியே கொசுவுக்காக நொச்சிச் செடி கொடுத்தது. ஆனால் செடி நட்டுவிட்டால் கொசு போய்விடும் என்று இல்லை. டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது, நாம் மூட்டம் போடுகிறது சாயங்காலம். அது சாக்கடையில் வளராது, நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும். நம்ம ஊரில் தண்ணீர் வருகிற அன்றைக்குக் குடம், அண்டா, தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக்கொள்கிறோம், வேறு வழியும் இல்லை. அதை மூடி வைக்கணும், வாரத்துக்கு ஒரு நாள் காலி பண்ணித் தேய்த்துக் கழுவணும். மூட்டத்தைப் பூட்டின வீட்டுக்குள் போடாதீர்கள், இளைப்பு இருக்கிறவர்களுக்கு ஆகாது. எந்த இலையானாலும் புகை புகைதான்.

காட்டுக்கு ஐந்திலைக் கரைசல் போடுகிறதில் நொச்சி, வேம்பு, எருக்கு, ஆடாதோடை எல்லாம் சேர்ந்து வரும். அதைப் பற்றி இயற்கை விவசாயப் பயிற்சியில் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

இனி வாழ்வாதாரம். இதில் எனக்கும் எங்க குழுவில் சில பேருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நொச்சியை வைத்து ஒரு தொழில் தொடங்கி, "சைனஸ் தீரும், மூட்டுவலி தீரும், டெங்கு வராது" என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்றால் அது மருந்து, அதற்கு உரிமம் வேண்டும். அதைவிட, அந்தப் பாக்கெட்டை நம்பி ஒருத்தி காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை ரெண்டு நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டால், அந்தப் பாவம் யாருக்கு? நாம் விற்கிறது நம்மை மாதிரி ஒரு அம்மாவிடம்தான்.

செய்யக்கூடியது வேறு இருக்கிறது. காய்ந்த நொச்சி இலையைத் தானியத்துக்கு என்றே சின்னத் துணிப் பையில் தைத்துக் கொடுக்கலாம். தலையணை தைக்கலாம், நம்மில் தையல் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். சாம்பிராணியில் நொச்சி சேர்க்கலாம். "மதி" பெயரில் நம்ம குழுப் பொருட்கள் கண்காட்சிக்குப் போகிறபோது, நம்ம குதிரைவாலி, பாசிப்பயறோடு கூட இந்தப் பையையும் ஒன்று வைத்துக் கொடுத்தால், வாங்குகிறவர்களுக்கு அது புதுசாக இருக்கும். லட்ச லட்சமாக வரும் என்று நான் சொல்லவில்லை. கை வேலைக்குக் கூலி நிற்கும். முதலில் ஒரு குழு மட்டும் ஒரு வருஷம் செய்து பார்த்துவிட்டு, கணக்கைக் கூட்டமைப்பில் வைக்கட்டும். அப்புறம் கடனைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இலை எங்கே இருக்கிறது? எங்க ஊருணிக் கரையில் வரிசையாக நொச்சிப் புதர் இருந்தது. 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொன்ன பிறகு, ஊர் ஊராக எடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. எங்க ஊருக்கு வந்த இயந்திரம் கருவேலம் எது, நொச்சி எது என்று பார்க்கவில்லை. கரையையே வழித்துவிட்டுப் போய்விட்டது. கருவேலம் ரெண்டே வருஷத்தில் திரும்ப முளைத்துவிட்டது. நொச்சி வரவில்லை. போன கார்த்திகையில் பக்கத்து வீட்டு மருமகளுக்குக் குளிக்க ஊற்ற நொச்சி தேடி, அவள் மாமியார் பஸ் ஏறி மல்லாங்கிணறு பக்கம் உறவுக்காரர் காட்டுக்குப் போய் ஒரு சாக்கில் கொண்டு வந்தார்கள். கரையில் கை நீட்டி ஒடித்த இலைக்குப் பஸ் டிக்கெட்!

அதனால் நம்ம கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் போடணும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குழுவும் இந்த ஐப்பசி மழையில் பத்து நொச்சிப் போத்து நடணும். கூட்டமைப்புக் கட்டிடத்தைச் சுற்றி, ஊருணிக் கரையில், அங்கன்வாடி வேலி ஓரத்தில். அரசு வேலைத் திட்டத்தில் கரையைச் சுத்தம் பண்ணப் போகிறபோது நொச்சியை விட்டுவிட்டு வெட்டணும் என்று பணித்தளப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். நடுகிறது கஷ்டம் இல்லை. பெருவிரல் கனத்தில், ஒரு முழ நீளத்தில், முற்றின கொம்பாக வெட்டி, பாதியை ஈர மண்ணில் சாய்வாகப் புதைத்து மிதித்துவிட்டால் போதும். மழை ரெண்டு கிடைத்தால் துளிர்த்துக்கொள்ளும். முதல் கோடைக்கு மட்டும் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றணும்.

எங்க வீட்டுக் கொல்லையில் ரெண்டு புதர் இருக்கிறது. பஸ் ஏறிப் போன அந்த மதினி கொண்டு வந்த கொம்பில்தான் வைத்தேன். இன்றைக்கு வரும்போது ஒரு கட்டு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குழுவுக்கு நாலு வீதம் வரும். கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டுக்குப் போனதும் ராத்திரிக்கு ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், வாடாது.